எடை சரி, காரணம் தப்பு

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்துப் பண்ணைக்காரன் டேல் வந்து கதவைத் தட்டினான். கையில் நான்கு பக்கப் படிவம். இங்கே இல்லினாய்ஸில் ஆண்டுதோறும் சோயா விளைச்சல் போட்டி நடக்கிறது. இந்த வருஷம் அவனும் பெயர் கொடுத்திருக்கிறான். அறுப்பன்று வயலை அளந்து, மணியை நிறுத்து, ஈரம் பார்த்து, "என் கண்ணால் பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட ஒரு சாட்சி வேண்டும். சாட்சி சொந்தக்காரனாகவோ விதை வியாபாரியாகவோ இருக்கக் கூடாது. பயிர் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

"உங்களை விட்டா இந்த ஊர்ல வேற யாரு இருக்காங்க?" என்றான். அவன் பேசியது இங்கிலீஷ்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு எனக்கு அது நம் பேச்சாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

பல்கலைக்கழக விதை ஆய்வகத்தில் காலமெல்லாம் விதை எண்ணி ஓய்வு பெற்றவன் நான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் "யோசிச்சு சொல்றேன்" என்றேன். அவன் முகம் தொங்கிப் போயிற்று. ஒரு கையெழுத்துக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று பாவம் அவனுக்குப் புரியவில்லை.

அவன் போனதும் கமலா சமையலறையிலிருந்தே கேட்டாள். "கையெழுத்துப் போட இவ்வளவு பிகுவா? நீங்க என்ன மந்திரியா?"

இதே மாதிரி ஒரு படிவத்தில் நான் ஏற்கெனவே ஒரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செங்கல்பட்டு ஜில்லாவில், ஐம்பதுகளின் நடுவில். அந்தக் கையெழுத்தால் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து வயல் போயிற்று. எனக்கோ அமெரிக்கா வாய்த்தது. கமலாவுக்குக்கூட இது தெரியாது. நான் இந்த நாட்டில் காலடி வைத்த நாள் இந்த வாரம்தான் வருகிறது. வருஷா வருஷம் அன்றைக்குப் பாயசம் வைக்கிறாள், நானும் வெட்கமில்லாமல் குடிக்கிறேன்.

டேல் விஷயத்தில் நான் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் உழுகிற நிலம் அவனுடையது இல்லை. சிகாகோவில் பல் வைத்தியம் பார்க்கிற ஒருவருடையது. அவர் இந்த மண்ணை மிதித்தே பல வருஷம் ஆகிறது. அவர் சார்பில் நிலத்தைக் கவனிக்க, குத்தகைக்கு ஆள் பிடிக்க, ஆளை மாற்ற ஒரு நிர்வாகக் கம்பெனி இருக்கிறது. டேலின் குத்தகை இந்த டிசம்பரோடு முடிகிறது. நீட்டலாமா வேண்டாமா என்று பல் வைத்தியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் வசந்தா.

2

நான் திருக்கழுக்குன்றத்துப் பள்ளி ஆசிரியர் மகன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஏர் பிடித்ததில்லை. நான் விவசாயம் படித்தது கோயம்புத்தூரில், காகிதத்தில். படிப்பு முடிந்ததும் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. ஒரு சைக்கிள், ஒரு பை, பை நிறையத் துண்டுப் பிரசுரம். மகாபலிபுரம் போகிற சாலைக்கு இரண்டு பக்கமும் இருந்த கிராமங்கள் என் பொறுப்பு. அரிசிப் பஞ்சம் எல்லார் மனத்திலும் இருந்த காலம். கயிறு பிடித்து வரிசையில் நடு, தழை மிதி, உரம் போடு, வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்து. இதுதான் பிரசுரம். எனக்கு அது வேதம்.

அப்போதுதான் நெல் விளைச்சல் போட்டி வந்தது. ஒவ்வொரு டிமான்ஸ்ட்ரேட்டரும் ஆள் சேர்க்க வேண்டும். அச்சரப்பாக்கம் பக்கம் வேலை பார்த்த என் நண்பன் ஒரு டஜன் பேரைச் சேர்த்துவிட்டு எனக்குக் கார்டு போட்டான்: "உன் பக்கம் நெல் விளைகிறதா, வெறும் உப்புதானா?" என் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. ஜில்லா ஆபீசில் மேல்படிப்புக்கு அமெரிக்கா அனுப்ப ஆள் பார்க்கிறார்கள் என்று வேறு பேச்சு அடிபட்டது. எனக்குத் தூக்கம் போயிற்று.

ஏழுமலையை நான் பிடித்தது அந்த நிலைமையில்தான். ஏரிப் பாசனத்தின் கடைசி மடை அவன் வயல். அதற்கு அந்தப் பக்கம் சவுக்கும் மணலும், அப்புறம் கால்வாய், அதையும் தாண்டினால் கடல். உப்புக் காற்று அடிக்கிற அந்த இடத்தில் அவன் நெல் மட்டும் பக்கத்து வயல்களைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. நிலம் மிராசுதாருடையது. ஏழுமலை வாரத்துக்குப் பயிர் வைத்திருந்தான். களத்தில் குவிகிற நெல்லில் பாதி அவருக்கு, பாதி இவனுக்கு. எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ச் சொல்தான். அவன் அப்பன் காலம்வரை அந்தக் குடும்பம் கூலிக்குத்தான் அடுத்தவர் வயலில் இறங்கியது. தாங்களே பயிர் வைப்பது இவன் தலைமுறையில்தான்.

"எங்களுக்கு இன்னாத்துக்கு ஐயா போட்டி?" என்றான் ஏழுமலை.

அவன் பெண்டாட்டி கன்னியம்மா நாற்றங்காலில் இருந்து நிமிர்ந்தாள். "ஜெயிச்சா இன்னா சாமி குடுப்பாங்க?"

"சர்டிபிகேட். ஒரு இரும்புக் கலப்பை."

"கலப்பை யாருக்கு?"

"ஜெயிக்கிறவங்களுக்கு."

அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது. படிவத்தைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். போட்டியாளர் என்ற இடத்தில் பட்டாதார் பெயரைத்தான் எழுத வேண்டும். உழுகிறவன் பெயர் எழுத அதில் இடமே இல்லை. மிராசுதார் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துக் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். "அந்தக் கடைமடைக்கா போட்டி? உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாது தம்பி. சரி, நடத்து."

3

நட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வயலைப் பார்த்தேன். வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சேறு இறுகி, மேலே மயிரிழை போல வெடிப்பு ஓட ஆரம்பித்திருந்தது. பக்கத்து வயல்களில் தண்ணீர் பளபளக்கிறது. என் போட்டி வயல் மட்டும் காய்கிறது.

"யாரு வடிச்சது?" என்று கத்தினேன்.

"நான்தான்" என்றாள் கன்னியம்மா. களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வரவில்லை. "நாலு நாளாச்சு சாமி. இன்னும் ஒரு நாளு போவட்டும், அப்பால வுடறேன்."

"தண்ணி நிறுத்தணும்னு பிரசுரத்துல போட்டிருக்கு. படிச்சுக் காட்டினேனா இல்லையா? பயிரைக் கொல்லப் பாக்குறியா?"

அவள் ஒரு தூரைப் பிடுங்கி, சேற்றை உதறி, என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு சாமி."

அழுகிய முட்டை நாற்றம். வேரெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"தழைய ஒரேயடியா மெதிச்சோம் இல்ல, நீ சொன்னேன்னு? அது அடியில பொங்கிகினு கீது. மேல தண்ணிய நிறுத்தி மூடி வெச்சா, வேரு மூச்சு வுட முடியாம சாவுது. களை எடுக்கச் சொல்லோ கையில தெரிஞ்சுது. தோ, இங்க பாரு. நேத்து காஞ்ச எடத்துல புடுங்கினது."

அந்தத் தூரில் கறுத்த வேர்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று புது வேர் விட்டிருந்தது.

வெட்கத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "பயிர் போச்சுன்னா நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டைச் சுமந்தவனுக்கு அது தெரிய நாளாகும்.

அவள் மறுநாள் தண்ணீர் விட்டாள். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி வடித்தாள், மறுபடி விட்டாள். பயிர் கரும்பச்சையாகத் தூர் கட்டியது. மார்கழிக் காற்றில் சுற்றிலும் இருந்த நெல் படுத்தபோது இது படுக்கவில்லை. நான் வாரத்துக்கு மூன்று தடவை போய்ப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. அவள் தினமும் இரண்டு வேளை வரப்பைச் சுற்றினாள். கையில் ஒரு கோல் இருக்கும். அதை அங்கங்கே சேற்றில் குத்தி எடுத்து முகர்ந்து பார்ப்பாள்.

4

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வசந்தா வந்தாள். முப்பத்தைந்து வயது, சொந்த வீடு, சொந்தக் கார், சொந்த அபிப்பிராயம். அவள் தமிழில் வினைச்சொற்கள் மட்டும்தான் தமிழ். சின்ன வயதில் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் வருவதே அபூர்வமாகிவிட, திருத்துவதை விட்டுவிட்டேன். வந்தால் போதும்.

"அப்பா, டேலோட பீல்டை நீங்க விட்னஸ் பண்றீங்களாமே? எலிவேட்டர்ல சொன்னாங்க." எலிவேட்டர் என்றால் இங்கே தானியக் கிடங்கு. ஊர் வம்பு முழுக்க அங்கேதான் நிறுக்கப்படும்.

"இன்னும் ஒத்துக்கல."

"ஒத்துக்கோங்க. எனக்கு அந்த நம்பர் வேணும். ஓனர் கேட்டுட்டே இருக்கார். ஆயிரக்கணக்குல ஏக்கர் பண்ற பெரிய ஆபரேட்டர் ஒருத்தர் இந்த நிலத்தைக் கேக்கறார். வாடகை அதிகம் தர்றேங்கறார். இந்த மண்ணு என்ன குடுக்கும்னு தெரிஞ்சா நான் எழுதிடுவேன்."

"மண்ணு என்ன குடுக்கும்னா?"

"அப்பா, யீல்டு நல்லா இருந்தா நிலம் நல்ல நிலம். அப்ப யாரு வேணாலும் பயிர் பண்ணலாம். யீல்டு மோசமா இருந்தா டேல் சரியில்ல. சிம்பிள்."

கையில் பிசைந்த சாதம் வாய்க்குப் போகவில்லை. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை நான் ஒரு களத்து மேட்டில் கேட்டிருக்கிறேன். அன்று சொன்னவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சொன்னார். இன்று சொல்வது என் பெண், என் சாப்பாட்டு மேஜையில், ரசத்தை உறிஞ்சிக்கொண்டே.

"நல்லா வெளைஞ்சாலும் அவனுக்குப் போச்சு, வெளையலேன்னாலும் போச்சு. அப்படித்தானே?"

"நான் என்ன பண்றது? அதான் என் வேலை" என்றாள். குரலில் ஒரு கூர் ஏறியது. "நீங்களும்தானே லைப் முழுக்க நம்பர் எழுதினீங்க?"

கமலா அவசரமாக அப்பளம் பரிமாறினாள். யாருமே அதைத் தொடவில்லை.

5

தை மாதம் அறுப்பு. ஜில்லா ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கிராம முன்சீப் வந்தார். களத்தில் நாற்காலி போட்டு மிராசுதாரை உட்கார வைத்தோம். போட்டி வயலைச் சங்கிலி பிடித்து அளந்து மூலைக்கு ஒரு முளை அடித்தேன். கதிர்கள் கனத்தில் தலை கவிழ்ந்து நின்றன.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அறுத்த கைகளுக்குக் கூலி காசாகக் கிடையாது, நெற்கட்டாகத்தான். அறுப்பு முடிந்ததும் அறுத்தவர்கள் தங்கள் கட்டை வயலிலேயே எடுத்துப் போய்விடுவார்கள். ஏரி மடை பார்ப்பவன், துணி வெளுப்பவர், முடி வெட்டுபவர், கோயில் என்று ஊருக்கு மேரை என்ற பங்கும் களத்தில் முதலிலேயே ஒதுங்கிவிடும். இதெல்லாம் போக மிஞ்சுகிற குவியலில்தான் மிராசுதாருக்குப் பாதி, பயிர் வைத்தவனுக்குப் பாதி. அந்தக் கட்டுகள் எவ்வளவு பெரிதாக இருந்தன, அறுத்தவர்களில் எத்தனை பேர் ஏழுமலையின் மாமன் மச்சான் என்று எந்த மிராசுதாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதும் வழக்கத்தில் சேர்ந்ததுதான்.

போட்டி விதியோ வேறு. அளந்த வயலில் விளைந்த ஒரு மணி விடாமல் நிறுக்க வேண்டும். நிறுத்த பிறகுதான் யாரும் எதையும் எடுக்கலாம்.

"கட்டெல்லாம் கீழ போடுங்க" என்றேன்.

அறுத்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு கிழவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னா அநியாயம் இது? அறுத்த கைக்குக் கட்டு குடுக்காம ஒரு நெல்லு களத்துக்குப் போனதா சரித்திரம் கீதா?"

"எடுத்துக்கப் போறது இல்ல. நிறுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"நிறுக்கறதே தப்புய்யா!"

கூச்சல் கிளம்பியது. ஜில்லா ஆபீஸ்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்போது ஏழுமலை என் அருகில் வந்து தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசையாமல் சொன்னான்.

"ஐயா, உங்க கால்ல வுயறேன். கூலிக் கட்டையும் மேரையையும் தனியா எடுத்துட்டு, களத்துல கீறத மட்டும் நிறுங்க. வழக்கம் அதான்."

"ரூல் ஒத்துக்காதுப்பா."

"ரூல் இருக்கட்டும் ஐயா. அவரு பாத்துகினு கீறாரு."

அவன் கண் நாற்காலிப் பக்கம் போய் வந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கூலிக்காரர் பேச்சுக்குப் பயப்படுகிறான், பாமரன் என்று நினைத்தேன். "பயப்படாதே, நீ ஜெயிக்கப் போறே" என்று அவன் தோளில் தட்டினேன். இன்றைக்கும் அந்தத் தட்டலை நினைத்தால் என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எல்லாக் கட்டுகளையும் போரடித்துத் தூற்றி, தராசில் ஏற்றினோம். நிறுத்தவர் நம் வழக்கப்படி முதல் எடையை "லாபம்" என்று சொல்லிவிட்டு, "ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டு போனார். எண்ணிக்கை ஏற ஏறக் கூச்சல் அடங்கியது. அந்தக் கடைமடையில் வழக்கமாக வருவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வந்து நின்றது.

மிராசுதார் நாற்காலியை விட்டு எழுந்தார். குவியலில் கையை விட்டு நெல்லை அள்ளிப் பார்த்தார். ஏழுமலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இந்த மண்ணு இவ்ளோ குடுக்குமா தம்பி? எனக்குத் தெரியாமப் போச்சே. என்ன பண்ணீங்க?"

களமே என் பதிலுக்குக் காத்திருந்தது. படிவத்தின் கடைசிக் கேள்வியும் அதுதான்: கையாண்ட முறைகள். கன்னியம்மா தூற்றுகிற முறத்தைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "பிரசுரத்தில் சொன்னதற்கு மாறாக இரண்டு தடவை தண்ணீரை வடித்தாள், தினம் இரண்டு வேளை வயலைச் சுற்றினாள்" என்று எழுதியிருக்கலாம். எழுதினால் என் பிரசுரம் தப்பென்று ஆகும். ஜில்லா ஆபீஸ்காரர்கள் பேனாவைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள்.

"வரிசை நடவு, தழை உரம், ரசாயன உரம், வயலில் எப்போதும் தண்ணீர்" என்று எழுதினேன். உரக்கப் படித்தும் காட்டினேன்.

"அவ்வளவுதானா? அதை யாரு வேணா பண்ணலாமே" என்றார் மிராசுதார்.

கன்னியம்மா திரும்பி, முறத்தால் பதரை அள்ள ஆரம்பித்தாள்.

6

தாலுகாவில் அந்த வயலுக்கு இரண்டாம் பரிசு. சர்டிபிகேட்டில் மிராசுதார் பெயர் அச்சாகி வந்தது. இரும்புக் கலப்பை அவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. சித்திரையில் அவர் ஏழுமலையைக் கூப்பிட்டு, "இனிமே அதை நானே சொந்தப் பண்ணையா வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கேள்வி கேட்க அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நான் ஓடினேன், கெஞ்சினேன். "நீதானே தம்பி எல்லாம் எழுதிக் குடுத்தே? அதைப் பாத்துப் பண்ணிக்கிறோம்" என்றார் அவர். அவர் பேச்சில் கேலி துளியும் இல்லை. என் எழுத்தை உண்மையாகவே நம்பிவிட்டார்.

அடுத்த சம்பாவில் அந்த வயலை நான் பார்த்தேன். கயிறு பிடித்து நட்டிருந்தார்கள். தழையை மிதித்து, உரமும் போட்டு, தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் என் எழுத்துப்படி. பயிர் மஞ்சள் பூத்து நின்றது. வரப்பில் நின்று ஒரு தூரைப் பிடுங்கினேன். கையில் ஒட்டிய நாற்றம் போகச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்த விளைச்சல் அறிக்கைதான் ஜில்லா ஆபீஸில் என் பெயரை மேலே ஏற்றியது. மேல்படிப்புக்கு இல்லினாய்ஸ். கிளம்புவதற்கு முந்தின வாரம் மகாபலிபுரம் போய்விட்டுத் திரும்பும்போது, சாலை போடும் இடத்தில் கன்னியம்மாவைப் பார்த்தேன். தலையில் ஜல்லிக் கூடை. சைக்கிளை விட்டு இறங்கினேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுதான் இறங்கினேன்.

கூடையை இறக்கிவிட்டுச் சும்மாட்டால் முகத்தைத் துடைத்தாள். "அந்த வயலுக்கு இந்த வாட்டி தண்ணி வடிச்சாங்களா சாமி?"

அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"வடிச்சாங்க" என்றேன்.

"அப்ப சரி சாமி" என்றாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர்களை அப்புறம் நான் பார்க்கவில்லை.

இந்த நாட்டுத் துறைமுகத்தில் குடியேற்றப் படிவம் நீட்டினார்கள். தொழில் என்ற இடத்தில் "விவசாயம்" என்று எழுதினேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "விவசாயியா? கையைக் காட்டு" என்றார். காட்டினேன். காய்ப்பே இல்லாத உள்ளங்கையைப் பார்த்து அவர் சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சிரித்தார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

7

சனிக்கிழமை காலை நானே டேல் வீட்டுக்கு நடந்தேன்.

"வர்றேன். ஆனா ஒண்ணு. எடை அதிகமா வந்தா உனக்கே ஆபத்து, தெரியுமா?"

"தெரியும்" என்றான். "பெரிய ஆள் ஒருத்தன் நிலத்தைக் கேட்டாச்சு. வாடகையில நான் அவனோட மோத முடியாது. நான் யாருன்னு காட்ட இந்தப் போட்டி ஒண்ணுதான் இருக்கு." டிராக்டர் சக்கரத்தைக் காலால் உதைத்தான். "போச்சுன்னா எங்க அப்பா காலத்துலேருந்து உழுத நிலம் போச்சு. அப்புறம் எங்கியாவது கிடங்குல மூட்டை தூக்கணும்."

"அப்படின்னா கடைசிக் கேள்விக்கு நான்தான் எழுதுவேன். நீ வருஷம் பூரா என்ன பண்ணேன்னு ஒண்ணு விடாம எனக்குக் காட்டணும்."

அவன் காட்டினான். வைகாசிக்கு முன்பே விதைத்ததையும், வரிசையை நெருக்கியதையும் முதலில் சொன்னான். அதெல்லாம் போட்டிக்காரர்கள் வருஷா வருஷம் புத்தகமாகப் போடுகிற சங்கதிதான். ஜெயித்தவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். தோற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள் என்று யாரும் புத்தகம் போடுவதில்லை. "வேற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல மற்றதெல்லாம் வந்தது. மழைக்குப் பிறகு வயலின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் நிற்கிறதென்று, தன் கையால் மண்வெட்டி பிடித்து வாய்க்கால் வெட்டியிருக்கிறான். ஈர மண்ணில் இயந்திரத்தை இறக்க மாட்டேன் என்று, எல்லாரும் விதைத்த பிறகும் அந்த மூலைக்கு மட்டும் ஆறு நாள் காத்திருக்கிறான். வாரம் தவறாமல் நடந்து, இடத்துக்கு இடம் ஒரு செடியை வேரோடு தோண்டி, வேரில் இருக்கிற முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்திருக்கிறான். உள்ளே சிவந்திருந்தால் வேர் வேலை செய்கிறது, வெளுத்திருந்தால் இல்லை.

"இதை எதுக்கு எழுதணும்? எல்லாம் சில்லறை விஷயம்" என்றான்.

"பேசாம இரு" என்றேன். அவனை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை அறுப்பு. அளந்தேன், நிறுத்தேன், ஈரம் பார்த்தேன். முதல் வண்டி எடைமேடையில் ஏறியபோது என்னையறியாமல் "லாபம்" என்று வாய் முணுமுணுத்தது. டேல் திரும்பிப் பார்த்தான். நான் அடுத்த வண்டியைக் கைகாட்டி அழைத்தேன். எடை, நான் பயந்தபடியே, அந்த வட்டாரத்தில் யாரும் நம்பாத அளவுக்கு வந்தது. ஒரு மணி கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசிக் கேள்விக்குப் படிவத்தில் விட்டிருந்தது மூன்று வரி. நான் நான்கு தாள் எழுதி இணைத்தேன். ஒவ்வொரு காரியத்துக்கும் பக்கத்தில் செய்தவன் பெயரை எழுதினேன்.

அன்று மாலையே நகலை எடுத்துக்கொண்டு வசந்தாவின் வீட்டுக்குப் போனேன். அவள் முதல் பக்கத்து எண்ணைப் பார்த்து விசில் அடித்தாள். "அப்பா, இது ரொம்ப நல்ல நிலம்!"

"மத்ததையும் படி."

"அப்புறம் படிக்கறேனே. நம்பர் போதும்."

"படிச்சுட்டு எழுது. இல்லேன்னா நம்பரைத் திருப்பிக் குடு."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து நான்கு தாளையும் படித்தாள். படித்துவிட்டு, "எதுக்குப்பா இவ்ளோ டென்ஷன்? டேல் உங்களுக்கு யாரு?" என்றாள்.

சொன்னேன். கடைமடை, கறுத்த வேர், கூலிக் கட்டு, நாற்காலி, நான் எழுதிய பொய், அதற்குக் கிடைத்த கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் சொன்னேன். பாதித் தமிழ் அவளுக்குப் புரிந்திருக்காது என்று இங்கிலீஷில் சொல்ல முயன்றேன். வார்த்தை வராமல் தமிழுக்கே திரும்பினேன். ஜல்லிக் கூடை வரைக்கும் சொல்லி, கன்னியம்மா கேட்ட கேள்வியையும் சொல்லி, நிறுத்திவிட்டேன். அதற்கு நான் சொன்ன பதிலை மட்டும் சொல்லவில்லை.

வசந்தா நான்கு தாளையும் அடுக்கிச் சேர்த்து வைத்தாள்.

"ஓனர் கேப்பாரான்னு எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா டேலை மாத்தினா இந்த நம்பர் வராதுன்னு எழுதறேன். இந்த நாலு பக்கத்தையும் வெச்சு அனுப்பறேன். அவ்ளோதான் என்னால முடியும்."

தலையாட்டினேன். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டேன்.

"அப்பா." அவள் மேஜையிலிருந்து எழவில்லை. "அந்த லேடி கேட்டாங்களே. அந்த வயல்ல தண்ணி வடிச்சாங்களா?"

கதவுக் குமிழைப் பிடித்தபடி நின்றேன்.

"இல்லம்மா" என்றேன். "வடிக்கல."